பாரிஸ் வழியாக வேலப்பன்சாவடிக்கு

நான் பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. "நிறுத்திடட்டா?" என்று அடுப்படியிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "இன்னும் ஒண்ணு வரட்டும். நான் இங்க ஆத்துல விழுந்துட்டேன்," என்றேன்.

விழுந்தது நானில்லை, மஞ்சள் பொம்மை. கணினியில் உலக வரைபடத்தைத் திறந்தால் ஓரத்தில் ஒரு குட்டி மஞ்சள் பொம்மை நிற்கும். அதைப் பிடித்து எந்தத் தெருவில் போடுகிறோமோ அந்தத் தெருவில் நாமே நிற்பதுபோல் நாலாபுறமும் படம் விரியும். எனக்குக் கை கொஞ்சம் தவறியதில் பொம்மை நழுவி ஆற்றுக்குள் போய்விட்டது. யாரோ படகிலிருந்து எடுத்த படம் போலிருக்கிறது, சுற்றிலும் தண்ணீர். கரையேற எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

திருவேற்காட்டில் எங்கள் அடுக்ககம். இரண்டாம் மாடி. சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினி, எதிர் நாற்காலியில் தலையணை, தலையணைமேல் என் வலது கால். இந்த வசதியில் நான் ஐந்து நாட்களில் நான்கு நாடுகள் பார்த்தேன். பயண அலுப்பு இல்லை, பெட்டி கட்டும் சண்டை இல்லை, விமானத்தில் முன்சீட்டுக்காரர் சாய்ந்துகொள்ளும் தொல்லை இல்லை. கடைசியாகப் போன ஊர்தான் என்னைப் படுத்திவிட்டது. அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். ஷேர் ஆட்டோ இறக்கிவிடும் இடம் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இந்தப் பக்கம், கல்லூரி அந்தப் பக்கம். தினமும் இரண்டு முறை அந்தச் சாலையை நடந்து கடந்தவள் நான். ஏழு மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பி, வண்டி வருகிற வலப்பக்கம் ஒழுங்காகப் பார்த்துவிட்டு இறங்கினேன். இடப்பக்கத்திலிருந்து, எதிர்த்திசையில், ஒருவன் பைக்கில் வந்து அடித்துவிட்டான். தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். கால் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. மாடிப்படி இறங்குகிறேன், தெருமுனைவரை போய்க் கீரை வாங்குகிறேன். பெரிய சாலையின் ஹாரன் காதில் விழுந்தால் மட்டும் கால் அங்கேயே நின்றுவிடும். தள்ளினாலும் நகராது.

விடுப்பு அடுத்த ஞாயிறோடு முடிகிறது. திங்களன்று வேலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். எழுதியே வைத்துவிட்டேன், கையெழுத்துதான் பாக்கி. ஐம்பது வயதுக்குள் வீட்டில் உட்காருவதை நினைத்தால் எனக்கு அழுகை வரும். அந்தச் சாலையை நினைத்தால் அழுகைகூட வராது.

விபத்துக்கு முந்தின மாதம்தான் எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் வந்திருந்தது. சிங்கப்பூர் போவதாகத் திட்டம். அது அப்படியே நின்றது. அந்தக் குறையை மனதில் வைத்தோ என்னவோ, புனேயில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நித்யா ஒரு விளையாட்டை அனுப்பிவைத்தாள். ஜியோகேச்சிங் என்று பெயர். உலகமெங்கும் யார் யாரோ சின்னச் சின்ன டப்பாக்களை ஒளித்துவைத்து, அவை இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார்கள். நாம் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான், பரிசெல்லாம் கிடையாது.

நித்யா அனுப்பியது அதில் புதிர் வகை. எண்களில் நான்கு இலக்கங்களை மறைத்துவைத்திருந்தார்கள். பாரிஸ், வெனிஸ், கெய்ரோ, டோக்கியோ என்று நான்கு ஊர்களுக்கு மஞ்சள் பொம்மையைக் கூட்டிப்போய், சொன்ன இடத்தில் நின்று, சொன்னதை எண்ணினால் ஊருக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். நான்கையும் சேர்த்தால் டப்பாவின் இடம் தெரியும். டப்பா எந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது என்பதற்கு வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். புள்ளி பூந்தமல்லி நெடுஞ்சாலைமேல் உட்கார்ந்திருந்தது. பார்த்ததுமே கணினியை மூடப்போனேன்.

"ஏன் மூட்ற? நீ ஊரு ஊரா சுத்தி கணக்கு சொல்லு. பொட்டிய நான் தேடி எட்தாறேன்," என்றார் இவர்.

இவர் பெயர் ஏகாம்பரம். அம்பத்தூரில் பிறந்து, அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே, எண்களைக் கொடுத்தால் இரும்பில் துளை போடும் கணினி இயந்திரம் ஓட்டி, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். தீர்க்கரேகை, அட்சரேகை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இது எக்ஸு, அது ஒய்யு. முப்பத்தஞ்சு வர்சமா இத்தத்தானே போட்டுக்கினு இருந்தேன். ஒரு நம்பர் தப்பா போட்டா பீஸு போச்சு. நீ கரீட்டா எண்ணிச் சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்."

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலை பாரிஸ்.

ஆற்றிலிருந்து கரையேறி, வெற்றி வளைவு இருக்கும் இடத்துக்குப் போனேன். நம் ஊர்க் கோபுர வாசலை மட்டும் தனியாக எடுத்து வைத்ததுபோல ஒரு பெரிய கல் வளைவு. அதைச் சுற்றி வட்டமாகச் சாலை. நான்கு பக்கத்திலிருந்தும் அல்ல, பன்னிரண்டு பக்கத்திலிருந்தும் சாலைகள் வந்து அந்த வட்டத்தில் விழுகின்றன. வட்டத்துக்குள் கோடு கிடையாது, சிக்னல் கிடையாது. கார்களும் பேருந்துகளும் கண்டபடி திரும்பி நிற்கின்றன. கோயம்பேடு இதற்கு எவ்வளவோ மேல்.

நான் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். அம்புக்குறியை அழுத்தினால் வட்டத்துக்குள் இறங்கலாம். விரல் அழுத்தவில்லை. நாற்காலியில் இருந்த கால் இறுகியது.

இவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "படம்தான் புவனா. ஒண்ணும் நவுராது."

"தெரியும்."

"அந்த பஸ்ஸப் பாரு, அப்டியே நிக்கிது. டிரைவர் டீ குடிக்கப் போய்க்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக அழுத்திவிட்டேன். பொம்மை வட்டத்துக்குள் இறங்கியது. பிறகு இன்னொரு முறை, இன்னொரு முறை. வண்டிகளுக்கு நடுவே புகுந்து வளைவுக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். ஏழு மாதத்தில் நான் கடந்த முதல் சாலை அது. சொன்னால் வெட்கம்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவர் பார்க்காததுபோல் போய்க் குக்கரைத் திறந்தார்.

குறிப்பு சொன்னது இதுதான்: பெரிய சாலையிலிருந்து கிளம்பி வளைவைச் சுற்றி வா, நான்காவது சாலையின் வாயிலில் நில், அங்கே எத்தனை விளக்குக் கம்பங்கள் என்று எண்ணு. எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. மலையையே சுற்றி வளர்ந்தவளுக்கு ஒரு வளைவைச் சுற்றுவது என்ன பெரிய வேலை? வளைவை வலக்கைப் பக்கம் வைத்து அழகாக மூன்று சுற்று வந்தேன். வழியில் வந்த கார்களின் விளக்குகளெல்லாம் என் முகத்துக்கு நேராக இருந்தன.

"இன்னா இது, அத்தினி வண்டியும் உன்னிய மொறைச்சிக்கினு கீது?" என்று கேட்டார் இவர்.

"வெளிநாட்டுக்காரங்க. நம்மள அப்படித்தான் பார்ப்பாங்க," என்றேன்.

நான்காவது சாலையில் ஆறு கம்பங்கள். ஆறு என்று எழுதிக்கொண்டார். மத்தியானம் பாரிஸ் சாப்பாடு என்று சொல்லி, தெருமுனை பேக்கரியிலிருந்து பன் பட்டர் ஜாம் வாங்கிவந்தார். அதோடு சாம்பார் சாதமும் சாப்பிட்டோம்.

அந்த ஊர் மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் யாருக்கும் முகம் கிடையாது, அடையாளம் தெரியாமலிருக்க மழுக்கிவிடுகிறார்கள். ஒரு காபிக் கடை வாசலில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்களோ என்றேன். இவர் உடனே மொழிபெயர்த்தார்: "‘மச்சான், இந்த ஊர்லயே பொறந்து வளந்தவன் நானு, அந்த டவர் மேல இன்னும் ஏறல.’ ‘உட்றா மாமே, மெரினா லைட் ஹவுஸ்ல நான் ஏறிக்கீறனா?’" அதற்குப் பிறகு போன இடமெல்லாம் இவரே எனக்கு வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், சமையல்காரர்.

திங்களும் பாரிஸிலேயே கழிந்தது. புதிருக்காக அல்ல, சும்மா. அந்த வட்டத்தைப் பலமுறை கடந்து பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை வெனிஸ். எனக்கென்றே கட்டிய ஊர் என்று தோன்றியது. தெருவே கிடையாது, எல்லாம் வாய்க்கால். பைக் கிடையாது, கார் கிடையாது, தண்ணீர் லாரி கிடையாது. மழைக்காலத்தில் எங்கள் தெருவும் ஏறக்குறைய இதுதான், வாசலில் படகு மட்டும் வராது. ஒரு பாலத்தின் படிகளை எண்ணச் சொல்லியிருந்தார்கள். எண்ணிவிட்டு, இந்த ஊருக்கே குடிபோய்விடலாமா என்று இவரிடம் கேட்டேன். "போலாம். ஆனா அங்க ஷேர் ஆட்டோ இல்லியே, எப்டி கோயம்பேடு போறது?" என்றார். அன்று மத்தியானம் வஞ்சிரக் குழம்பு. தண்ணீர் ஊரில் வேறென்ன சாப்பிடுவது?

புதன்கிழமை கெய்ரோவில் பிரமிடுக்குப் போகும் வழியில் மின்சாரம் போய்விட்டது. ஒட்டகக்காரர் ஒருவர் எனக்கு எதிரே கையை நீட்டி ஏதோ சொல்லவந்த நேரம், இணையம் நின்று படம் பாதியில் உறைந்தது. ஒட்டகத்துக்கு முன்பாதிதான் வந்திருந்தது. இரண்டு மணி நேரம் பாலைவனத்தில் காத்திருந்தேன். அதற்குள் இவர் போய் ஷவர்மா வாங்கிவந்துவிட்டார், எகிப்துக்கு இதுதான் பொருத்தம் என்று கடைக்காரர் சொன்னாராம். மின்சாரம் வந்து மீதி ஒட்டகமும் வந்தது.

வியாழன் அன்று டோக்கியோ. அங்கே ஒரு நாற்சந்தி இருக்கிறது. எல்லாப் பக்கமும் வண்டிகளை ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டு, நடக்கிறவர்களை மட்டும் விடுகிறார்கள். நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை என்று சனங்கள் நடக்கிறார்கள். ஆயிரம் பேர் இருப்பார்கள், ஒருவரும் ஓடவில்லை. ஓடாமல் சாலை கடக்கிறவர்களை நான் அன்றுதான் பார்த்தேன். கூட்டத்தில் என் வயதிருக்கும் ஒரு பெண், கையில் மடக்கிய குடை, தோளில் துணிப்பை. முகம் மழுங்கியிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவளோடு கடந்தேன். திரும்பவும் போய் நின்று, திரும்பவும் கடந்தேன். அன்று முழுக்க எத்தனை முறை என்று கணக்கில்லை. அவள் யாரோ, எங்கே வேலைக்குப் போகிறாளோ, நன்றாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு இலக்கங்களையும் இவர் கையில் கொடுத்தேன். தாளில் போட்டுப் பார்த்து, வரைபடத்தில் அடித்தார். "இந்தாண்ட கீது! புவனா, நம்ப பக்கமே கீது! ரோட்டத் தாண்டவே வாணாம்!" என்று சத்தம் போட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அவருக்கு என்னைவிட அதிக நிம்மதி என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் இவர் தூங்கின நேரத்தில், மஞ்சள் பொம்மையை எடுத்து வேலப்பன்சாவடியில் போட்டேன்.

நான் விழுந்த இடம் தெரிந்தது. நடுத்திட்டில் ஆட்கள் புகுந்துபோகிற அந்த இடைவெளி, இரண்டு பக்கமும் அரளிச் செடி, எதிரே கல்லூரிக்குப் போகும் சந்து, எல்லாம் அப்படியே இருந்தன. லாரி, பேருந்து, ஷேர் ஆட்டோ எல்லாம் பாரிஸ் வண்டிகளைப் போலவே அசையாமல் நின்றன. விபத்துக்கு முன்னால் எடுத்த படம் அது. அந்த நாட்களில் நான் தினமும் அங்கே நடந்தவள்தானே என்று என்னைத் தேடினேன். சாலையோரம் பச்சைப் புடவையில் முகம் மழுங்கிய ஒரு பெண் நின்றாள். பச்சைப் புடவை என்னிடமும் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தேன், கைப்பை என்னுடையது இல்லை. ஆனாலும் அவளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு யாராகவோ இருந்தால் என்ன, பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே என்றிருந்தது.

இவர் எழுந்து வந்ததும், "நாளைக்கு நானும் வரேன்," என்றேன். "நம்ம பக்கம்தானே. ஆட்டோல போய் இறங்கி, டப்பாவப் பார்த்துட்டு வந்துடலாம்."

சனிக்கிழமை காலை ஷேர் ஆட்டோ. பின்னால் நாங்கள் இருவரும் இன்னும் மூன்று பேரும், அதில் ஓர் அம்மாவின் மடியில் ஒரு மூட்டை பூண்டு. நெடுஞ்சாலையை எட்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். பூண்டு மூட்டைக்கார அம்மா என் கையைப் பிடித்து, "இன்னாம்மா, மசக்கையா?" என்று கேட்டார். என் தலைநரையைப் பார்த்தும் கேட்டாரே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாங்கள் போகவேண்டிய இடம் முக்கிலிருந்து பூந்தமல்லிப் பக்கமாக ஒரு முந்நூறு அடி. ஓட்டுநர் சற்றும் யோசிக்காமல், வருகிற வண்டிகளுக்கு எதிராக ஓரமாய்த் திருப்பி ஓட்ட ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்டோவே அதிர்ந்தது.

"இன்னா மேடம், தோ அந்தாண்டதானே. யு-டர்ன் அடிச்சிகினு வந்தா எவ்ளோ சுத்து தெரியுமா? அல்லாரும் இப்டித்தான் போறாங்க."

"அப்படிப் போன ஒருத்தனாலதான் என் தொடைல கம்பி இருக்கு. நான் நடந்தே போறேன்."

அவர் பிரேக் போட்டார். இறங்கினோம். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஒழுங்கான திசையில் போனார், எங்களுக்காகவா பயந்தா தெரியாது.

டப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, நடத்துகிறவர் மல்லிகா என்ற பெண். இவர் ஒரு கையில் செல்பேசியும் இன்னொரு கையில் தாளுமாகக் கடையைச் சுற்றி அடிமேல் அடி வைத்து நடந்ததும் மல்லிகா முகம் மாறிவிட்டது.

"இன்னா சார் அளக்கறீங்கோ? ரோடு அகலம் பண்ணப் போறாங்களா? போன தபாவே என் கடைய பின்னால தள்ளிட்டாங்கோ. இன்னும் தள்னா கால்வாயிலதான் டீ போடணும்."

"அதெல்லாம் இல்லம்மா. இங்க ஒரு டப்பா ஒளிச்சு வெச்சிருக்காங்க, அதைத் தேடறோம்," என்றேன்.

"டப்பாவா? பாம் எதுனா வெச்சிக்கிறாங்களா?" என்று இரண்டடி பின்னால் போனார்.

விளையாட்டு என்று விளக்கி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. புரிந்ததும் அவரும் சேர்ந்து தேடினார். பெஞ்சுக்கு அடியில், விளம்பரத் தட்டிக்குப் பின்னால், சர்க்கரை டின்னுக்குள்கூடப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் இல்லை. "கணக்கு தப்பா இருக்காதே," என்று இவர் தாளையே முறைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் வலித்தது. பெஞ்சில் உட்கார்ந்து டீயில் பொறை ரொட்டியை நனைத்துத் தின்றபடி, வேறு வழியில்லாமல், சாலையைப் பார்த்தேன்.

அப்போது ஒரு பைக், எதிர்த்திசையில், ஓரமாக வந்தது. பெஞ்சிலேயே உள்ளே நகர்ந்துகொண்டேன். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவனுக்கு எதிரே லாரி, அதன் பின்னால் கார், அதன் பின்னால் பேருந்து. எல்லா வண்டியும் அவன் முகத்துக்கு நேராக வந்தன. இந்தக் காட்சியை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. எங்கே என்று தெரிந்ததும் டீ புரையேறிவிட்டது.

"ஏங்க! பாரிஸ்ல ரோட்ல எந்தப் பக்கம் போவாங்க?"

"ரைட்ல போவான். ஏன்?"

"அப்ப அந்த வட்டத்தை எப்படிச் சுத்துவாங்க?"

இவர் விரலால் காற்றில் வட்டம் போட்டார். இடமாகச் சுற்றியது விரல். நான் வலமாகச் சுற்றியிருந்தேன். கோயில் என்றாலும் வலம், நம் ஊர் ரவுண்டானா என்றாலும் வலம், வேறு விதமாகச் சுற்றலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. நான்காவது சாலை என்று நான் நின்றது, அந்தக் கணக்கில் வேறெங்கோ இருந்த சாலை. வெற்றி வளைவை மூன்று சுற்று, அத்தனை வண்டிகளுக்கும் எதிராக, ராங் சைடில் போயிருக்கிறேன். ஏழு மாதமாக நான் திட்டித் தீர்த்தேனே, அவனைப் போலவே.

எனக்கு வந்த சிரிப்பில் மல்லிகா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் என் நினைப்பில் கொஞ்சம் சின்னவனாகிவிட்டான்.

செல்பேசியிலேயே பாரிஸுக்குப் போய் மறுபடி சுற்றினேன், இம்முறை இடமாக. வண்டிகளெல்லாம் எனக்கு முதுகைக் காட்டின. நான்காவது சாலையில் மூன்றே கம்பங்கள். "ஆறு இல்லைங்க, மூணு," என்றேன். இவர் தாளில் மாற்றிப் போட்டு, செல்பேசியில் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் செல்பேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

"எங்க?"

"அந்தாண்ட."

எதிர்ப்பக்கம். கல்லூரிச் சந்துக்குப் பக்கத்தில். நடுவில் அந்தச் சாலை. நான் எழுந்து நின்றேன். கால் அங்கேயே நின்றுவிடவில்லை. டோக்கியோவில் குடைக்காரப் பெண்ணோடு நடந்த நடையெல்லாம் காலில்தான் இருந்ததோ என்னவோ.

"வாங்க, போலாம்," என்றேன்.

இவர் அசையவில்லை. "ஆட்டோ புடிக்கிறேன் இரு. கீழ போய் யு-டர்ன் அடிச்சா ரெண்டே நிமிட்ல அந்தாண்ட எறக்கிடுவான்."

"எனக்கு ஆட்டோ வேண்டாங்க. மெதுவா நடந்துடுவேன்."

"ஒனக்கில்ல, புவனா." குரல் ஒரு மாதிரி இருந்தது. "எனுக்கு."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிலேர்ந்து நான் இத்த க்ராஸ் பண்ணதே இல்ல. உன் லீவ் லெட்டர் குட்க்க அஞ்சு தபா காலேஜுக்குப் போனேன் பாரு, அஞ்சு தபாவும் ஆட்டோல போய் யு-டர்ன் அடிச்சித்தான் அந்தாண்ட எறங்குனேன். நட்ந்து போக முடில."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"இன்னான்னு சொல்றது? நான்தானே அன்னிக்கி நட்டநடுவுல நின்னுக்கினு வா வான்னு கைய காட்னேன். நீ என் கையப் பாத்துத்தானே எறங்குன."

ஓய்வு பெற்றதிலிருந்து இவர் தினமும் சாயங்காலம் என்னை அழைத்துப்போக வருவார். நடுத்திட்டின் இடைவெளியில் அரளிச் செடிக்குப் பக்கத்தில் நிற்பார். வண்டி குறைந்ததும் கையைக் காட்டுவார், நான் இறங்கி வருவேன். அன்றும் அப்படித்தான். மருத்துவமனையில், வீட்டில், இந்த ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அந்தக் கையைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. எனக்கு அது பேச வேண்டிய விஷயமாகவே தெரிந்ததில்லை. இவர் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு, குக்கரை இறக்கிக்கொண்டு, காபிக் கடைப் பெரியவர்களுக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் குரல் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் உங்கள் கையைப் பார்க்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பார்த்தேன். பார்த்துத்தான் இறங்கினேன். ஒன்றரை வருஷமா அந்தக் கையைப் பார்த்துத்தான் இறங்கிட்டிருந்தேன். அது ஒரு நாளும் தப்பாக் காட்டினதில்லைங்க. அன்னைக்கும் தப்பில்ல. வர வேண்டாத பக்கத்துலேர்ந்து அவன் வந்தான், அவ்வளவுதான்."

இவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மல்லிகா அந்தப் பக்கம் திரும்பி, கழுவின கிளாஸையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"எழுந்திருங்க," என்றேன். "வலப்பக்கம் நீங்க பாருங்க. ராங்ல வரவனை நான் பார்த்துக்கறேன்."

கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது. ஓரத்தில் நின்றோம். ஒரு தண்ணீர் லாரி, ஒரு கம்பெனிப் பேருந்து, வரிசையாக ஆறேழு கார்கள். "இப்ப வலப்பக்கம்?" என்று கேட்டேன். "கொஞ்சம் இரு... ஒரு டெம்போ வருது... ம், காலி," என்றார். இடப்பக்கம் நான் பார்த்தேன், யாரும் வரவில்லை. இறங்கினோம். ஓடவில்லை, நடந்தோம். நடுத்திட்டை அடைந்ததும் இருவரும் அரளிச் செடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். அடுத்த பாதியில் வண்டிகள் இடப்பக்கமிருந்து வரும். "இப்ப நீ வண்டியப் பாரு, நான் ராங்கு பாக்கறேன்," என்று இவரே வேலையைப் பிரித்துக்கொடுத்தார். அந்தப் பாதிதான் நான் விழுந்த பாதி. அதையும் கடந்தோம்.

டப்பா, சந்தின் முனையில் ஒரு பழைய மைல்கல்லுக்குப் பின்னால், இரண்டு செங்கலுக்கு நடுவே இருந்தது. கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா. உள்ளே சுருட்டிவைத்த தாளில் ஏழெட்டுப் பெயர்கள். கீழே புவனா, ஏகாம்பரம் என்று அவரவர் கையெழுத்தில் எழுதினோம். இவர் எழுதிய ‘ஏ’யின் கால் கோட்டைத் தாண்டி நீண்டுவிட்டது.

எழுதி முடித்ததும் இவருக்குத் தொழில் நினைவு வந்துவிட்டது. செல்பேசியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மீட்டரு அவுட்டு. எங்க கம்பெனியா இருந்தா ரிஜெக்ட்டு," என்றார். செல்பேசிகளுக்கே அந்த அளவு முன்னே பின்னே இருக்கும் என்று நித்யா சொன்னதை நினைவுபடுத்தினேன். ஒப்புக்கொள்ளவில்லை. டப்பாவை வைத்தவருக்கு எழுதியே தீருவேன் என்றார், பாவம் அவரை விடுங்கள் என்றேன். இப்படிப் பேசிக்கொண்டே வலம், இடம் பார்த்து, நடுத்திட்டில் நின்று, மறுபடி பார்த்து, மல்லிகாவின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். திரும்பும்போது நாங்கள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதை மல்லிகா சொல்லித்தான் கவனித்தேன்.

இரண்டாவது டீ வந்தது. இவர் ஆற்றிக் குடித்தார். நான் எதிர்ப்பக்கத்துச் சந்தைப் பார்த்தபடி சொன்னேன்.

"திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சேகாலுக்கு ஆபீஸ் விட்டு வருவேன். நடுவுல நின்னு கை காட்டுங்க. நான் இறங்கி வரேன்."

நடுவில் வந்து நிற்க வேண்டுமானால் இவர் பாதிச் சாலையைத் தனியாகக் கடக்க வேண்டும். அது எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த அரளிச் செடியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அஞ்சேகாலு இன்னாத்துக்கு?" என்றார். "நான் அஞ்சுக்கே வந்து நிக்கிறேன்."